பழைய ஸ்கார்பியோவுக்குப் புது டயர்: ஹெச்.டி.யா, ஏ.டி.யா?

போன புரட்டாசியில் பஞ்சர் ஒட்டப் போன இடத்தில்தான் விஷயம் தெரிந்தது. பின் டயரில் ஏறியிருந்த முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கடை அண்ணாச்சி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன் இடது சக்கரத்துப் பக்கம் குந்தி உட்கார்ந்து டயரின் பக்கவாட்டைத் தடவினார். "தம்பி, இங்கன கையை வச்சுப் பாருங்க." வெளியே தெரியாத உள்பக்கத்தில், கோழிமுட்டையைப் பாதியாக வெட்டி ஒட்டியது மாதிரி ஒரு வீக்கம். எங்கேயோ ஒரு பள்ளத்தில் வேகமாக இறங்கியிருக்கிறது. ரப்பருக்குள் இருக்கும் நூல் இழைகள் அறுந்து போனால் உள்ளே இருக்கும் காற்று அந்த இடத்தில் மட்டும் டயரை வெளியே தள்ளும். அதை ஒட்ட முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

வண்டி 2012 மாடல் ஸ்கார்பியோ. டயர் அளவு 235/70 ஆர்16. ஏபிஎஸ் (பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் கருவி) இல்லாத வேரியன்ட். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். கோவில்பட்டியில் நிற்கிறது. வருடத்துக்கு 7,500 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதில்லை. அதில் பெரும்பகுதி மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நான்குவழிச் சாலையில். மாதம் இரண்டு மூன்று தடவை ஊருக்குப் போகும்போது மட்டும், தார் ரோடு முடிந்து தோட்டம் வரைக்கும் இரண்டு கிலோமீட்டர் கரிசல் பாதை.

வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு ரெடியாக இருந்தது. அப்பாவுக்கு டயர் என்றால் எம்ஆர்எஃப். திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய கம்பெனி என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். மச்சானுக்கு வண்டி பார்க்க மிரட்டலாக இருக்க வேண்டும்: பெரிய பட்டன் (ரோட்டில் பதியும் ரப்பர் கட்டி) வைத்த ஏ.டி. டயர், அதுவும் ஒரு சைஸ் கூட்டி. மனைவிக்கு ஒரே நிபந்தனை, உள்ளே உட்கார்ந்தால் இரைச்சல் கேட்கக் கூடாது. எனக்கு இரண்டு வாரம் தலைவலி.

முதலில் ஒரு சின்னக் கணக்குப் போட்டேன். மற்ற எல்லாவற்றையும் அதுதான் முடிவு செய்தது. டயரை நாம் வாங்கும்போது "எத்தனை கிலோமீட்டர் வரும்?" என்றுதான் கேட்கிறோம். கடைக்காரரும் அறுபதாயிரம் வரும், எழுபதாயிரம் வரும் என்கிறார். வாடகைக்கு ஓடும் இன்னோவாவுக்கு அது நியாயமான கேள்வி, ஒன்றரை வருடத்தில் ஓட்டித் தீர்த்துவிடுவார்கள். என் வண்டி ஆறு வருடம் ஓடினாலும் 45,000 கிலோமீட்டர்தான். அதற்குள் பட்டன் தேய்கிறதோ இல்லையோ, ரப்பருக்கு வயதாகிவிடும். வெயிலும் காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை மெல்ல மெல்ல விறைக்க வைக்கின்றன. நம் ஊர் சித்திரை வெயிலில் தார் ரோடு கொதிக்கிற கொதிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு வருடத்தில் மாற்றிவிடுங்கள் என்று பல கார் கம்பெனிகள் சொல்கின்றன. பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் பத்து வருடம்தான் கடைசி எல்லை.

கழற்றப்போகும் டயர்களே இதற்கு சாட்சி. பட்டன் ஆழம் இன்னும் 3 மில்லிமீட்டர் இருந்தது. சட்டப்படி காருக்கு 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும். ஆனால் பக்கவாட்டில் வறண்ட கண்மாய் மாதிரி வெடிப்பு. மழையில் பிரேக் மிதித்தால் வண்டி யோசித்துவிட்டுத்தான் நிற்கும்.

ஆக, என்னை மாதிரி குறைவாக ஓட்டுகிற ஆளுக்கு "அதிக கிலோமீட்டர்" என்பது காசு கொடுத்து வாங்கத் தேவையில்லாத சரக்கு. நீண்ட நாள் உழைக்கிற டயரின் ரப்பர் பெரும்பாலும் கொஞ்சம் கெட்டியானதாக இருக்கும். மிருதுவான ரப்பர் சீக்கிரம் தேயும், ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும். எனக்கு வேண்டியது இரண்டாவது. ஏபிஎஸ் இல்லாத வண்டியில் சக்கரம் பூட்டிக்கொண்டால் காப்பாற்ற வேறு கருவி கிடையாது, ரப்பர்தான் எல்லாம்.

சரி, ஹெச்.டி.யா ஏ.டி.யா?

ஹெச்.டி. என்பது நெடுஞ்சாலை டயர். பட்டன்கள் நெருக்கமாக, நடுவில் நீளவாக்கில் நான்கு பள்ளங்கள், நுணுக்கமான கீறல்கள். தார் ரோட்டில் பதியும் ரப்பரின் அளவு அதிகம். ஏ.டி. என்பது எல்லாத் தரைக்கும் என்று விற்கப்படுவது. பட்டன்கள் பெரிது, இடைவெளி அகலம். அந்த இடைவெளியில் சரளையும் மண்ணும் மாட்டி இழுவை தரும். இதே இடைவெளிதான் தார் ரோட்டில் எதிரியாக மாறுகிறது. ரோட்டில் படும் ரப்பர் குறைகிறது, உயரமான பட்டன்கள் பிரேக் அடிக்கும்போது வளைகின்றன. எடையும் ஹெச்.டி.யை விடக் கூடுதல். டீசலில் கொஞ்சம் போகும், ஸ்டீயரிங் கொஞ்சம் மந்தமாகும். 70, 80-ல் போகும்போது "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம் வரும். டயர் பழசாகப் பழசாக அது கூடும். புதிதாக இருக்கும்போது ஓட்டிப் பார்த்துவிட்டு "சத்தமே இல்லை" என்று எழுதுகிறவர்களை இருபதாயிரம் கிலோமீட்டர் கழித்து மறுபடி கேட்க வேண்டும்.

ஏ.டி. டயரிலும் நல்ல டயர்கள் உண்டு. யோகோஹாமாவின் ஜியோலேண்டர் ஏ/டி ஜி015 மாதிரியானவை ரோட்டில் அமைதியாகவே போகக்கூடியவை. அதன் பக்கவாட்டில் மலைச்சிகரமும் பனித்துகளும் சேர்ந்த ஒரு சின்னம் இருக்கும். பனியில் ஓட்டிச் சோதித்ததற்கான அடையாளம் அது. மச்சான் அதைக் காட்டித்தான் வாதாடினார். கோவில்பட்டியில் கடைசியாக எப்போது பனி பெய்தது என்று கேட்டேன்.

அவருடைய உண்மையான வாதம் கரிசல் பாதைதான். அதில் நியாயம் இருப்பதாகத்தான் முதலில் நினைத்தேன். கரிசலில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: காய்ந்து கிடக்கும்போது அது சிமெண்டு மாதிரி. அதில் மொட்டை டயரே போகும். ஐப்பசியில் நாலு நாள் மழை பிடித்தால் அதே மண் அல்வாவாகிவிடும். செருப்புப் போட்டு நடந்தால் பத்தடியில் ஒவ்வொரு காலும் இரண்டு கிலோ. டயருக்கும் அதே கதிதான். ஏ.டி. டயரின் பட்டன் இடைவெளியை இந்த மண் ஒரு சுற்றிலேயே நிரப்பி மெழுகிவிடும். அப்புறம் அது வெறும் வழவழப்பான உருளை. மண்ணைத் தானாக உதறித் தள்ள, டிராக்டர் டயருக்குப் பக்கத்தில் வருகிற, சேற்றுக்கென்றே செய்த எம்.டி. வகை வேண்டும். நான்குவழிச் சாலையில் அதைப் போட்டு மதுரை போய் வந்தால் காது அடைத்துவிடும். பின் சக்கர இழுவை மட்டும் உள்ள வண்டிக்கு அதுவும் முழுத் தீர்வில்லை. அதாவது, காய்ந்த கரிசலில் இரண்டும் போகும், நனைந்த கரிசலில் இரண்டும் சிக்கும். ஏ.டி. எனக்கு உதவக்கூடிய இடம் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள சில நாட்கள்தான்.

உடன்குடிப் பக்கம் தேரியில் தோட்டம் வைத்திருக்கும் நண்பருக்கு இதே பதிலைச் சொல்ல மாட்டேன். அவருக்குத் தினசரி செம்மணல். அங்கே காற்றைக் குறைத்து டயரைப் பரத்தி ஓட்டுவதுதான் முக்கியம் என்றாலும், அவ்வப்போது வரும் சரளைக்கும் கல்லுக்கும் ஏ.டி. பொருத்தம். வால்பாறையில் எஸ்டேட் பாதையில் ஓட்டுகிறவர்களுக்கும் அப்படியே. ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி ஏறி வெறும் லாட்ஜில் தங்கிவிட்டு வருகிறவருக்கு ஹெச்.டி. போதும். அந்த நாற்பது வளைவும் நல்ல தார் ரோடு.

முள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், எங்கள் பக்கம் பஞ்சருக்குப் பாதிக் காரணம் சீமைக்கருவேலம்தான். ஏ.டி. டயர் முள்ளைத் தாங்கும் என்பார்கள். பட்டன் உயரம் ஓரிரு மில்லிமீட்டர் கூடுதல், அவ்வளவுதான். காய்ந்த கருவேல முள் அதைப்போல் இரண்டு மடங்கு நீளம். பட்டனில் குத்தினால் ஒருவேளை தப்பலாம். இடைவெளியில் குத்தினால் எந்த டயரும் ஒன்றுதான். ஏ.டி. என்று எழுதியிருப்பதாலேயே பக்கவாட்டு கனமாக இருக்கும் என்றும் கிடையாது. லாரி வகைக் கட்டுமானத்தில் வரும் சில ஏ.டி. டயர்களுக்குத்தான் அந்தப் பலம். அவற்றுக்குக் காற்றும் கூடுதலாக வேண்டும், ஓட்டம் கட்டையாக இருக்கும்.

சைஸ் கூட்டும் ஆசைக்கு வருவோம். 235/70 ஆர்16 டயரின் மொத்த உயரம் கணக்குப்படி 735 மில்லிமீட்டர். மச்சான் சொன்ன 265/70 ஆர்16 போட்டால் 777. கிட்டத்தட்ட ஆறு சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது சக்கரம் சுமார் 106-க்கான தூரத்தைக் கடந்திருக்கும். வண்டி பெரிய சக்கரத்தைச் சுற்ற அதே எஞ்சின்தான். முதல் கியரில் ஏற்றத்தில் திணறும், அதே பிரேக் கூடுதல் எடையை நிறுத்த வேண்டும், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் மட்கார்டில் உரசவும் வாய்ப்புண்டு. 245/70 போட்டால் 749 மில்லிமீட்டர், வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்குள். ஆசைப்பட்டால் அதுவரை போகலாம். அதுவும் ரிம் அகலம் ஒத்துவந்தால்தான். நான் போகவில்லை. பத்து வருடத்துக்கு மேலான வண்டியின் வீல் பேரிங்கும் பால் ஜாயிண்டும் இப்போதே போதும் என்கின்றன.

அளவு சரியாக இருந்தாலும் அதற்கு அடுத்து எழுதியிருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். 105 என்றால் ஒரு டயர் 925 கிலோ தாங்கும், 100 என்றால் 800 கிலோ. ஏழு பேரை ஏற்றி மேலே மூட்டையும் கட்டினால் வண்டி இரண்டரை டன்னைத் தொடும், அந்தப் பாரத்தில் பெரும்பங்கு பின்பக்கம் இறங்கும். பழைய டயரில் என்ன எண் இருந்ததோ அதற்குக் குறைவாக எடுக்கக் கூடாது. எண்ணுக்குப் பக்கத்து எழுத்து வேகத்துக்கு: எஸ் என்றால் 180, ஹெச் என்றால் 210. என் வண்டி அந்த வேகத்துக்கு மலையிலிருந்து உருட்டிவிட்டால்தான் போகும் என்பதால் இதில் நான் அதிகம் மெனக்கெடவில்லை. கம்பெனி கொடுத்த எழுத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டேன்.

இன்னொரு வழியும் இருக்கிறது, பலர் யோசிப்பதில்லை. புது எஸ்யூவி வாங்கிய கையோடு டயரை மாற்றிப் பெரிதாகப் போடுகிறவர்கள், கழற்றிய புது டயர்களைக் கடையிலேயே விட்டுப் போகிறார்கள். ஐநூறு கிலோமீட்டர்கூட ஓடாத டயர் பாதி விலைக்குச் சற்று மேலே கிடைக்கும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை பக்கம் கேட்டுப் பார்த்தால் தெரியும். வண்டியை இன்னும் இரண்டு வருடம் வைத்துவிட்டு விற்கப்போகிறவர்களுக்கு இதைத் தாராளமாகச் சொல்வேன். இதில் சிக்கல் என் அளவுதான்: 2014-க்குப் பிறகு வந்த ஸ்கார்பியோவின் மேல் வேரியன்ட்கள் 17 அங்குல ரிம்முக்குப் போய்விட்டன, 16-ல் கழற்றிய டயர் அருகிப்போயிற்று. தேய்ந்த டயரில் பிளேடால் பள்ளம் வெட்டிக் கறுப்புப் பூசி விற்பதும் இதே சந்தையில் நடக்கிறது. டயரை உள்பக்கமாகப் பார்க்கத் தெரியாதவர்கள் போகாமல் இருப்பது நல்லது. கார் டயரில் ரீட்ரெட், அதாவது தேய்ந்த டயருக்கு மேலே புது ரப்பர் ஒட்டுவது பற்றி நான் பேசவே போவதில்லை.

இரண்டு மட்டும் மாற்றலாமா என்று அப்பா கேட்டார். வீங்கியது ஒன்றுதானே. நான்கும் ஒரே வயது என்பதால் எங்கள் விஷயத்தில் அது செல்லாது. ஆனால் உங்கள் வண்டியில் இரண்டுதான் மாற்றப்போகிறீர்கள் என்றால், புதியதை எங்கே போடுவது? நம் ஊரில் பத்துக்கு ஒன்பது பேர் முன்னால் போடுவார்கள். முன் டயர் வெடித்தால் ஸ்டீயரிங் போய்விடும் என்ற பயம். டயர் கம்பெனிகளோ பின்னால் போடச் சொல்கின்றன. ஈர ரோட்டில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், காலை எடுத்தால் திரும்பப் பிடிக்கும். பின் டயர் வழுக்கினால் வண்டி பம்பரம். ஸ்கார்பியோ மாதிரி உயரமான வண்டி பம்பரமானால் அடுத்து என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. வெடிப்பதற்கு முக்கால்வாசிக் காரணம் காற்றுக் குறைவும் வீக்கமும் வயதும். அந்த நிலையில் உள்ள டயர் முன்னாலும் இருக்கக் கூடாது, பின்னாலும் இருக்கக் கூடாது.

இந்த இடத்தில் ஸ்டெப்னியைப் பார்த்தேன். வண்டிக்கு அடியில் பதின்மூன்று வருடமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. பட்டன் முழுசாக, புத்தம் புதுசு மாதிரி. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம்: 1812. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2012-ம் ஆண்டின் 18-வது வாரம் செய்தது. நடுராத்திரி பஞ்சரானால் நாம் நம்பி மாட்டப்போவது இதைத்தான். எல்லா டயர்களிலும் பழையது அதுவே. ஆகவே நாலுக்குப் பதில் ஐந்தாக வாங்கினேன். செலவுதான். ஆனால் ஸ்டெப்னியையும் சேர்த்துப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை சுழற்சியில் விட்டால் ஐந்தும் ஒன்றாக வயதாகும்.

அந்த நான்கு இலக்கத்தை ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றால், போன தடவை ஏமாந்தவன் நான். 2019-ல் ஒரு கடையில் "ஆஃபர்" என்று நாலு டயர் போட்டுவிட்டார்கள். பில்லும் புதிது, டயரில் மஞ்சள் கோடுகூட அழியவில்லை. மூன்று மாதம் கழித்து சர்வீஸுக்குத் தூக்கியபோதுதான் தேதி தெரிந்தது: 3417. கிட்டத்தட்ட இரண்டு வருடம் குடோனில் கிடந்த சரக்கு. முழுத் தேதி பல டயர்களில் ஒரு பக்கம்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே வைத்து மாட்டிவிட்டிருந்தார்கள். போய்க் கேட்டதற்கு, டயருக்கு அரிசி மாதிரி எக்ஸ்பைரி கிடையாது சார் என்றார் கடைக்காரர். அரிசிகூடப் பழசானால் விலை கூடும். என்னை மாதிரி வயதால் டயரை இழக்கிறவனுக்கு இரண்டு வருடம் என்பது மூன்றில் ஒரு பங்குப் பணம். இந்தத் தடவை ரிம்மில் ஏற்றும் முன் ஐந்து டயரையும் தரையில் படுக்கவைத்து எண்ணைப் படித்தேன். தேதியைப் பில்லில் எழுதித் தரச் சொன்னேன். ஐஎஸ்ஐ முத்திரையையும் பார்த்துக்கொண்டேன், 2009-ல் வந்த தரக் கட்டுப்பாட்டு ஆணையிலிருந்து இங்கே விற்கும் டயருக்கு அது கட்டாயம்.

விலை: ஒரு டயருக்கு 7,500-லிருந்து 12,000 வரை சொன்னார்கள், ஏ.டி. பொதுவாக மேல்பக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியிருக்கிறது. அடக்க விலை 8,000 ரூபாய் டயருக்கு 800 ரூபாய் வித்தியாசம். நான் விசாரித்த ஒரு கடையில் இன்னும் பழைய விலைப்பட்டியலையே நீட்டினார்கள், வரியைத் தனியாகக் காட்டச் சொன்னதும் வேறு தாளை எடுத்தார்கள். டயரில் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் நிரப்பும் ரேட்டையும் சேர்த்தார்கள், வேண்டாம் என்றேன். நாம் அடிக்கும் சாதாரணக் காற்றில் 78 சதவீதம் அதுதான். மாதம் ஒருமுறை காற்றைப் பார்க்கிறவனுக்கு மீதி இருபத்திரண்டுக்கு அழ வேண்டியதில்லை. பேலன்ஸிங், அலைன்மென்ட் இரண்டையும் மட்டும் தவிர்க்காதீர்கள். பழைய பள்ளம் டயரை மட்டும் இடித்திருக்காது.

கடைசியில் ஹெச்.டி. வரிசையில் பிரிட்ஜ்ஸ்டோன் டூலர், அப்போலோ ஆப்டெரா, யோகோஹாமா ஜியோலேண்டர், அப்பாவின் எம்ஆர்எஃப் வாண்டரர் என்று நாலு பெயர் நின்றன. பக்கவாட்டில் டிரெட்வேர் (தேயாமல் எவ்வளவு உழைக்கும் என்பதற்கான மதிப்பு) 400, 500 என்று அச்சிட்டிருக்கும் எண்ணை வைத்து ஒப்பிடலாம் என்று உட்கார்ந்தேன். அந்த எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் தானே சோதித்துத் தானே போட்டுக்கொள்கிறது, ஒரு கம்பெனியின் 500-ஐ இன்னொன்றின் 400-உடன் வைத்துப் பேசுவது வீண். பக்கத்திலேயே டிராக்‌ஷன் என்று ஏஏ, ஏ, பி, சி என இருக்கும். ஈரத்தில் நேர்க்கோட்டில் நிற்பதற்கான மதிப்பு அது. ஏ-க்குக் கீழே உள்ளதைத் தள்ளிவிட்டேன். மிச்சத்தில் எந்தக் கடையில் எது புதிதாக வந்திருக்கிறது என்று மட்டும் பார்த்தேன். எட்டு வாரம் முன் செய்த ஜியோலேண்டர் ஐந்து கிடைத்தது. அதே வாரம் வேறு கடையில் வாண்டரர் அவ்வளவு புதிதாக வந்திருந்தால் அப்பா ஜெயித்திருப்பார்.

ஐப்பசி மழை ஆரம்பித்த மூன்றாம் நாள் சாத்தூர் தாண்டி, முன்னால் போன டேங்கர் சட்டென்று நின்றது. முழு பிரேக். நேராக, இழுக்காமல் நின்றோம். அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது கரிசல் பாதை எதிர்பார்த்தபடியே கிடந்தது. வண்டியைத் தார் ரோட்டு ஓரமாக நிறுத்தினேன். மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.